தொடக்கத்தில் என்ன இல்லை? ஆதியாகமம், பாபிலோன், பரிபாடல்: படைப்புக் கதைகள் பற்றி ஒரு விவாதம்

கொறங்காட்டான், காங்கேயம்

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் உலகம் இரண்டு தடவை படைக்கப்படுகிறது. முதல் அதிகாரத்தில் ஒரு தடவை, இரண்டாம் அதிகாரம் நான்காம் வசனத்திலிருந்து மறுபடி ஒரு தடவை. இதை எடுத்தாலே "முரண்பாடு" என்று ஒருவர் குதிப்பார், "முரண்பாடே கிடையாது" என்று இன்னொருவர் குதிப்பார். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. இரண்டு கதைகளும் எந்த இடத்தில் நின்றுகொண்டு தொடங்குகின்றன என்பதைக் கவனித்தீர்களா?

முதல் கதை தண்ணீரில் தொடங்குகிறது. எங்கும் இருள், ஆழமான நீர், அதன்மேல் அசைந்தாடும் கடவுளின் ஆவி. நீரைப் பிரித்து வானம் வைக்கிறார், நீரை ஒதுக்கித் தரையை எடுக்கிறார். பிறகு செடிகொடி, அப்புறம் மீன், பறவை, விலங்கு, கடைசியாக ஆணும் பெண்ணுமாக மனிதர்கள்.

இரண்டாம் கதையில் தரை ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் காய்ந்து கிடக்கிறது. செடி முளைக்கவில்லை. காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது: கர்த்தர் இன்னும் மழையைப் பெய்யப்பண்ணவில்லை, நிலத்தைப் பண்படுத்த மனிதனும் இல்லை. அதனால் முதலில் மண்ணைப் பிசைந்து ஒரு ஆளை உண்டாக்குகிறார். பிறகுதான் தோட்டம், மரம், விலங்கு, கடைசியில் பெண்.

மழை மறைவுப் பகுதியில் பிறந்து, ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வந்த ஆழ்குழாய்க் கிணறுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இரண்டாவது கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. மழை தவறிய வருடம் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தலை காட்டாது. கிளுவை வேலிதான் பச்சையாக நிற்கும். "மழையும் இல்லை, ஆளும் இல்லை" என்பது எங்கள் ஊரில் எந்தத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் வருகிற பதில்.

நான் சொல்ல வருவது இதுதான். படைப்புக் கதை எதைப் படித்தாலும் "உலகம் எப்படி வந்தது" என்று தேடாதீர்கள். "தொடக்கத்தில் எது இல்லை" என்று அது சொல்கிறதோ அந்த வரியைப் பிடியுங்கள். அந்தக் கதையைச் சொன்னவன் எதற்குப் பயந்தான், எதற்கு ஏங்கினான் என்பது அங்கே கிடைக்கும். பெரிய ஆறுகள் கரை மீறுகிற சமவெளிக்காரன் வெள்ளத்திலிருந்து தொடங்குவான். வானம் பார்த்த பூமிக்காரன் வறட்சியிலிருந்து தொடங்குவான்.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. "கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே" என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, அதற்கு முந்தைய அடியை யாரும் சொல்வதில்லை. "வையகம் போர்த்த வயங்கொலி நீர் கையகல" என்பது அது. உலகத்தைப் போர்த்தியிருந்த நீர் விலக, மலை மட்டும் தெரிந்து, மண் இன்னும் வெளிப்படாத காலம். புறப்பொருள் வெண்பாமாலையில், கவர்ந்து போன ஆநிரையை மீட்கும் கரந்தைப் படலத்தில் வருகிறது. மாட்டை மீட்டவர்களின் குடிப்பெருமையைச் சொல்ல, வெள்ளம் வடிந்த முதல் நாளுக்கே போகிறார் ஐயனாரிதனார். காங்கேயம் காளைக்காரர்கள் கவனிக்கவும்.

கருமத்தம்பட்டிக்காரி

அண்ணா, பல வருடங்களாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். இரண்டாம் அதிகாரம் ஆறாவது நாளை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கிறது என்பதுதான் காலங்காலமாகச் சொல்லப்படுகிற விளக்கம். முதலில் ஊர் வரைபடம், அப்புறம் ஒரு வீட்டின் உள்ளே. அதை ஏன் "இரண்டு தடவை படைப்பு" என்று பிரிக்க வேண்டும்?

இன்னொன்று. கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஆறு நாளை இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பது பொது அறிவாகிவிட்டது. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் கேட்டுவிட்டார்: சூரியன் நான்காம் நாள்தான் வருகிறது என்றால் முதல் மூன்று நாளின் காலையும் மாலையும் எப்படி வந்தன, புத்தியுள்ளவன் இதை அப்படியே எடுப்பானா என்று. ஆயர் அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு எழுதிய உரையில், கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், நாள்கள் நம் புரிதலுக்கான வரிசை என்றார். வானத்தையும் விலங்குகளையும் பற்றி வேதத்தை வைத்து உளறி, விஷயம் தெரிந்த அவிசுவாசிகள் முன் சிரிப்புக்கு ஆளாகாதீர்கள் என்று நம்மவர்களுக்கே புத்தியும் சொன்னார். உலகம் கி.மு. 4004 அக்டோபர் 23இல் பிறந்தது என்று கணக்குப் போட்ட ஆயர் அஷர் அதற்கு ஆயிரத்து இருநூறு வருடம் கழித்து, 1650இல் வந்தவர்.

கொறங்காட்டான்

கிட்டப் போய்ப் பார்ப்பது என்றால் வரிசை மாறக் கூடாதே அம்மிணி. வரைபடத்தில் கிழக்கே இருந்த கிணறு, உள்ளே போனதும் மேற்கே வந்துவிடுகிறது. முதல் கதையில் மரமும் விலங்கும் மனிதனுக்கு முன்னால், இரண்டாவதில் மனிதனுக்குப் பின்னால். கடவுளைக் குறிக்கும் பெயரும் மாறுகிறது. 1753இல் ஜான் அஸ்த்ரூக் என்ற பிரெஞ்சு மருத்துவர், அரசர் பதினைந்தாம் லூயிக்கு வைத்தியம் பார்த்தவர், இதைக் கவனித்துத்தான், ஆதியாகமத்தை எழுதியவர் என்று மரபு சொல்லும் மோசே இரண்டு மூன்று பழைய ஏடுகளை வைத்துத் தொகுத்திருக்க வேண்டும் என்று பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் நாத்திகர் இல்லை. மோசேயைக் காப்பாற்றத்தான் அந்த வாதத்தையே எடுத்தார். அகுஸ்தீனார் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி.

இரண்டையும் ஏன் வைத்தார்கள் என்பதற்கு நம் பக்கத்து அண்ணன்மார் கதையைப் பாருங்கள். உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுகிற கதை. 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கேயம் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தார். ஊருக்கு ஊர், பாடகருக்குப் பாடகர் கதை மாறும். ஒரு ஊரில் பாடுவது தப்பு என்று அடுத்த ஊர்க்காரரிடம் சொல்லிப் பாருங்கள். தொகுக்கிறவர் மரியாதை தெரிந்தவராக இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஆதியாகமத்தைத் தொகுத்தவரும் அப்படிப்பட்ட ஆள் என்றே நினைக்கிறேன்.

ஆதிக்குடி

எதற்கு இவ்வளவு சுற்றி வளைப்பு? இன்றைய இராக்கில் பழங்காலத்தில் வாழ்ந்த சுமேரியர்களே இங்கிருந்து போன தமிழர்கள்தான். அவர்கள் கதைகள் எல்லாம் நம் கதைகள். கடல்கோள் நம்முடையது, அதைத்தான் விவிலியத்தில் நோவாவின் வெள்ளக் கதை என்று மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

தாராபுரம் வாத்தியார்

தம்பி ஆதிக்குடி, சுமேரிய மொழி எந்த மொழிக் குடும்பத்தோடும் இதுவரை நிறுவப்படாத தனிமொழி. தமிழோடும் நிறுவப்படவில்லை. வணிகம் நடந்தது உண்மை. அதே பகுதியை ஆண்ட அக்காத் அரசன் சார்கோன் காலத்தில், ஏறத்தாழ கி.மு. 2300இல், மெலுகாக் கப்பல்கள் வந்து நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. மெலுகா என்பது சிந்துவெளி என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அங்கே "ஊர்" (Ur) என்ற பெயருள்ள பழைய நகரத்தில் சிந்து முத்திரைகளும் கிடைத்தன. சரக்கு போன வழியில் கதையும் போயிருக்கலாம். ஆனால் "போயிருக்கலாம்" என்பதை வைத்து பட்டா மாற்ற முடியாது.

இப்போது பாபிலோன் கதைக்கு வருகிறேன். இது தெரியாமல் ஆதியாகமத்தைப் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

இலண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்று ஒருவர். பண நோட்டு அச்சுக்குச் செதுக்குகிற பட்டறையில் தொழில் பழகியவர், கல்லூரிப் படிப்பு கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஓடி, பழைய அசீரியத் தலைநகர் நினிவேயில் அசுர்பனிபால் அரசனின் நூலகத்திலிருந்து வந்த களிமண் பலகைகளைப் படிக்கத் தானே கற்றுக்கொண்டார். 1872 டிசம்பர் 3ஆம் தேதி, நோவா கதையைப் போலவே ஒரு வெள்ளக் கதை விவிலியத்துக்கு வெளியே இருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். கப்பல் மலையில் தட்டி நிற்பது, புறாவைப் பறக்கவிடுவது எல்லாம் இருந்தது. 1876இல் படைப்புக் கதைப் பலகைகளையும் புத்தகமாக்கினார். அதே வருடம், இன்னும் பலகைகள் தேடிப் போன பயணத்தில், அலெப்போவில் நோய் கண்டு இறந்தார். வயது 36. பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள் என்று நம்புகிற பிள்ளைகளுக்கு இவரைப் பற்றிச் சொல்வது என் வழக்கம்.

அந்தப் படைப்புக் காவியம்தான் எனூமா எலிஷ். ஏழு பலகை. அதுவும் கொறங்காட்டான் சொன்ன "இல்லை" வரிசையில்தான் தொடங்குகிறது: மேலே வானத்துக்குப் பெயர் இல்லை, கீழே நிலத்துக்குப் பெயர் இல்லை, புல்வெளி இல்லை, நாணற்காடு தென்படவில்லை. இருந்தது நன்னீர் அப்சூவும் உவர்நீர் தியாமத்தும் மட்டும். பிறகு தேவர்களுக்குள் சண்டை மூள்கிறது. பாபிலோனின் தலைமைத் தேவன் மார்துக் தியாமத்தைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பது போல உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாகக் கூரை போடுகிறான். பாபிலோனில் புத்தாண்டுத் திருவிழாவின் நான்காம் நாள் மாலையில் இதை மார்துக் சிலை முன்னால் பூசாரி ஓதுவார். ஆக, அங்கே படைப்புக் கதை என்பது திருவிழா நாளில் ஓதப்படுகிற பூசைப் பொருள். புத்தகத்தில் கிடந்த தத்துவம் என்று அதைப் படித்தால் ருசி போய்விடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது, அதே பகுதியைச் சேர்ந்த அத்ரகாசிஸ் காவியம். நம்மிடம் இருக்கும் நல்ல பிரதி கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் மனிதன் ஏன் படைக்கப்பட்டான் தெரியுமா? வாய்க்கால் வெட்டுவதற்கு. முதலில் அந்த வேலையைச் சின்னத் தேவர்கள் செய்தார்கள். ஆறு தோண்டுவது, வாய்க்கால் தூர் வாருவது, இரவும் பகலும். ஒரு கட்டத்தில் பொறுக்காமல் மண்வெட்டியையும் கூடையையும் தீயில் போட்டுவிட்டு, நடுராத்திரியில் பெரிய தேவன் என்லில் வீட்டைச் சுற்றி வளைத்துக்கொள்கிறார்கள். உலக இலக்கியத்தில் இதைவிடப் பழைய வேலைநிறுத்தக் காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது. ஒரு தேவனைக் கொன்று, அவன் இரத்தத்தையும் சதையையும் களிமண்ணில் பிசைந்து மனிதனைச் செய்து, கூடையை அவன் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். தேவர்களுக்கு ஓய்வு.

காலிங்கராயன் வாய்க்காலில் தூர் வாரிய காலத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் இந்தக் கதையைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். சேறு அள்ளுவது தேவனே வேண்டாம் என்கிற வேலைதான்.

இதைத் தெரிந்துகொண்டு ஆதியாகமம் முதல் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். கி.மு. 586இல் எருசலேம் விழுந்து, யூதர்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தச் சிறைவாசத்தின்போதோ சற்றுப் பின்னரோதான் முதல் அதிகாரம் இன்றைய வடிவம் பெற்றது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. ஊரே சூரியனையும் சந்திரனையும் கும்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர், அந்த இரண்டின் பெயரைக்கூடச் சொல்லாமல் "பெரிய சுடர், சிறிய சுடர்" என்று விளக்குக் கணக்கில் சேர்த்து, அதையும் நான்காம் நாளுக்குத் தள்ளிவிடுகிறார். ஓரிகன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். சூரியனைத் தாமதமாக்கியது மறதியால் வந்ததில்லை, வேண்டுமென்றே செய்தது. சண்டை இல்லை, பிணம் இல்லை, சொன்னார், ஆயிற்று. கடைசியில் ஏழாம் நாள் ஓய்வு. அத்ரகாசிஸில் ஓய்வு தேவர்களுக்கு, வேலை மனிதனுக்கு. இங்கே கடவுள் ஓய்ந்த அந்த நாளில் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும்கூட ஓய்வு கொடு என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்றாகவே போய்விட்டது.

பவானிசாகர் பரிசல்

வாத்தியார் ஐயா, அந்த வெள்ளக் கதையில வர்ற கப்பல் வட்டமா இருந்துச்சுன்னு எங்கேயோ படிச்சேன். நாங்க அணையில் பரிசல் போடறவங்க. மூங்கில் பிளாச்சுல பின்னி, அடியில தார் பூசுவோம். வட்டப் பரிசல்ல அவ்வளவு பெரிசா கட்ட முடியுமுங்களா?

தாராபுரம் வாத்தியார்

வட்டம்தான் தம்பி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து இர்விங் ஃபிங்கல் என்பவர் படித்து 2014இல் புத்தகமாக்கிய சின்னப் பலகை ஒன்று, கிட்டத்தட்ட கைப்பேசி அளவு, ஏறத்தாழ கி.மு. 1750ஐ ஒட்டியது. அதில் தேவன், வெள்ளத்தில் தப்பிக்கப் போகிற அத்ரகாசிஸிடம் "வட்டமாக வரை, நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கட்டும்" என்கிறான். நாரில் திரித்த கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்து, உள்ளே சட்டம் வைத்து, நிலக்கீல் பூசச் சொல்கிறான். உங்கள் தொழில்தான், மூங்கிலுக்குப் பதில் கயிறு, அவ்வளவே. குறுக்களவு எழுபது மீட்டருக்குப் பக்கம் வருகிறது. இராக்கில் போன நூற்றாண்டு வரை இந்த வகைப் பரிசல் ஓடியது. கேரளத்தில் சிறிய அளவில் ஒன்றைக் கட்டியும் பார்த்தார்கள். கசிந்தது, ஆனாலும் மிதந்தது. நோவாவின் கப்பல் 300 முழ நீளம், 50 முழ அகலம் என்று நீள்சதுரமாகிவிட்டது. அந்தந்த ஊரில் எது மிதக்குமோ அதைத்தானே சொல்வார்கள்.

பவானிசாகர் பரிசல்

எழுபது மீட்டரா! துடுப்பு போட்டா சுத்திக்கிட்டே நிக்கும் ஐயா, ஒரு பக்கமும் போகாது.

தாராபுரம் வாத்தியார்

போக வேண்டிய அவசியமே இல்லையே. ஊரெல்லாம் தண்ணீர். மிதந்தால் போதும்.

உக்கடத்தான்

ஓய்வு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். குர்ஆனிலும் ஆறு நாள் வருகிறது. ஆனால் காஃப் அத்தியாயத்தில் (50:38) "எந்தக் களைப்பும் நம்மைத் தீண்டவில்லை" என்று சேர்த்தே சொல்லப்படுகிறது. கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பதற்கு அது நேரடியான மறுப்பு என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். நாள் என்பதும் நம் நாள் இல்லை. இறைவனிடம் ஒரு நாள் நீங்கள் எண்ணும் ஆயிரம் வருடம் போன்றது என்று ஓரிடத்தில் (22:47), ஐம்பதாயிரம் வருடம் என்று வேறோர் இடத்தில் (70:4). படைப்பு எங்களிடம் ஒரே கதையாக முதல் பக்கத்தில் வருவதில்லை. எச்சரிக்கையாக, ஆறுதலாக, அத்தாட்சியாக அங்கங்கே வரும். அதனால் "தொடக்கத்தில் எது இல்லை" என்ற உங்கள் கேள்வியைவிட "எந்த இடத்தில் நினைவூட்டப்படுகிறது" என்று கேட்பது குர்ஆனுக்குப் பொருந்தும்.

அறிவியல் தமிழன்

யாரும் பரிபாடலைச் சொல்லவில்லையே! இரண்டாம் பாடலில் கீரந்தையார், "கருவளர் வானத்து இசையின் தோன்றி" என்று தொடங்கி, முதலில் உருவமற்ற வானம், பிறகு காற்று, பிறகு தீ, பிறகு குளிர்ந்த மழை, வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்து மேலெழுந்த நிலம் என்று ஊழி ஊழியாகச் சொல்கிறார். பெருவெடிப்பு, நெருப்புக் கோளம், குளிர்ந்து மழை. இன்றைய அறிவியலை ஈராயிரம் வருடம் முன்பே சொல்லிவிட்டார்கள்.

கொறங்காட்டான்

பாட்டு அருமையான பாட்டு. ஆனால் வான், வளி, தீ, நீர், நிலம் என்ற அதே வரிசை தைத்திரீய உபநிடதத்திலும் இருக்கிறது. அன்றைக்கு இந்தியா முழுவதும் புழங்கிய பஞ்சபூத வரிசை அது. கீரந்தையார் அதை வைத்துத் திருமால் எத்தனை ஊழி கண்டவன் என்று துதிக்கிறார், ஆய்வகக் குறிப்பு எழுதவில்லை.

இந்த ஆசை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வானமும் பூமியும் ஒட்டியிருந்தன, நாம் பிரித்தோம் என்ற குர்ஆன் வசனத்தைப் பெருவெடிப்பாக்குகிறவர்கள் உண்டு. "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்பதைப் பெருவெடிப்பு என்று 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸே கிட்டத்தட்டச் சொன்னார். அதற்குச் சங்கடப்பட்டவர் யார் தெரியுமா? அந்தக் கோட்பாட்டைத் தொடங்கி வைத்த ஜார்ஜ் லெமெத்ர். அவரே கத்தோலிக்கச் சாமியார். என் கணக்கை வேதத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்பதுதான் அவர் நிலை. நாளைக்குக் கோட்பாடு மாறினால் வேதமும் சேர்ந்து விழுமே.

கருமத்தம்பட்டிக்காரி

லெமெத்ர் பற்றி எங்கள் வகுப்பிலும் சொல்வேன். பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

விசயமங்கலத்தான்

நீங்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறீர்கள்: தொடக்கம் என்று ஒன்று உண்டு என்பதில். இதே கொங்கு மண்ணில் அதை ஒத்துக்கொள்ளாதவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள். எங்கள் ஊர் மேட்டுப்புதூரில் இன்றும் நிற்கிற சமணக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பெருங்கதை எழுதிய கொங்குவேளிர் இந்த ஊர்க்காரர் என்பது வழக்கு. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரைப் பக்கத்தில் சீனாபுரத்துக்குச் சொல்வார்கள். சமணத்தில் உலகம் யாராலும் படைக்கப்படவில்லை. எப்போதும் இருக்கிறது, ஏறி இறங்கிச் சுழல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் தம் மகாபுராணத்தில் வரிசையாகக் கேட்கிறார்: கடவுள் உலகைப் படைத்தார் என்றால் அதற்கு முன் எங்கே இருந்தார்? கருவியும் பொருளும் இல்லாமல் எப்படிச் செய்தார்? குறையில்லாதவர் என்றால் அவருக்கு ஏன் படைக்கத் தோன்றியது? விளையாட்டுக்கு என்றால் அது சிறுபிள்ளைத்தனம் இல்லையா?

வேதத்திலேயே இந்தச் சந்தேகம் இருக்கிறது. ரிக்வேதம் பத்தாம் மண்டலத்து 129ஆம் பாடல், இல்லாததும் இல்லை, இருப்பதும் இல்லை, சாவும் இல்லை, இரவுக்கும் பகலுக்கும் அடையாளம் இல்லை என்று தொடங்கி, கடைசியில் "மேலிருந்து பார்க்கிறவன் அறிவான், இல்லை அவனும் அறியானோ" என்று முடிகிறது.

கொறங்காட்டான்

புறநானூறு 194ஐயும் இந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் சாவுப் பறை, பக்கத்து வீட்டில் கல்யாண முழவு. அதைக் கேட்டுவிட்டுப் பக்குடுக்கை நன்கணியார் "படைத்தோன் மன்ற, அப்பண்பிலாளன்" என்கிறார். படைத்தவன் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறான், பண்பு கெட்டவன் என்கிறார். பிச்சை எடுத்துத்தான் வாழ வேண்டுமென்றால் உலகத்தை இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவரும் (1062) சபிக்கிறார். நம் பழைய ஆட்கள் படைப்புக் கதை அதிகம் சொல்லவில்லை. படைத்தவனிடம் கணக்குக் கேட்டிருக்கிறார்கள்.

செங்கோட்டுமலை

பெண்ணை விலா எலும்பில் செய்த கதையை ஒருவரும் தொடவில்லை, ஆண்கள் இழை என்பது தெரிகிறது. எங்கள் திருச்செங்கோட்டு மலைமேல் இருப்பவர் பாதி ஆண், பாதி பெண். சிவபுராணம் என்ன சொல்கிறது? பிரமன் படைத்துப் படைத்துப் பார்க்கிறான், உயிர்கள் பெருகவே இல்லை. ஏனென்றால் பெண்ணைப் படைக்கவில்லை. அப்போது சிவன் அர்த்தநாரியாக வந்து நிற்க, அவன் உடலிலிருந்து சக்தி பிரிகிறாள், அதன் பிறகே உலகம் நகர்கிறது. பிருகதாரண்யக உபநிடதத்திலும், தனியாக இருந்து பயந்த ஆதி உயிர், தழுவி நிற்கும் ஆணும் பெண்ணும் அளவுக்குப் பெருத்து, இரண்டாகப் பிளந்துகொள்கிறது.

இதில் வேடிக்கை, யூத மத குருமார்களான ரபிகளும் இப்படித்தான் படித்திருக்கிறார்கள். முதல் அதிகாரத்தில் "ஆணும் பெண்ணுமாகப் படைத்தார்", இரண்டாம் அதிகாரத்தில் விலாவிலிருந்து பெண். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஆதாம் முதலில் இரு முகத்தோடு, முதுகோடு முதுகு ஒட்டிப் படைக்கப்பட்டான், பிறகு அறுத்து இரண்டாக்கினார் என்று ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷ் உரையில் ஒரு ரபி சொல்கிறார். விலா எலும்பு என்பதை விலாப்பக்கம், அதாவது ஒரு பாதி என்று எடுத்துக்கொள்கிறார். மலை ஏறி வந்து பார்த்திருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

கருமத்தம்பட்டிக்காரி

இதை நான் கேள்விப்பட்டதே இல்லைங்க அக்கா. அடுத்த வாரம் வகுப்பில் சொல்லப் போகிறேன்.

நொய்யல்கரை

எல்லாம் படித்தேன். கொறங்காட்டான் அண்ணன் "எது இல்லை என்று கேளுங்கள்" என்கிறார். நான் வேறொன்று கேட்கிறேன். இந்தக் கதைகளில் வேலை யார் தலையில் விழுகிறது?

வாத்தியார் சொன்ன பாபிலோன் கதையில் அது வெட்டவெளிச்சம். ரிக்வேதத்துப் புருஷ சூக்தத்தில் ஆதி புருஷனின் வாய், தோள், தொடை, பாதம் என்று நான்கு வருணமாகப் பிரித்துப் பாதத்தில் ஒருத்தனை வைத்தாயிற்று. எங்களை எந்த உறுப்பிலும் வைக்கவில்லை. நம் பக்கத்துக்கே வாருங்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் தொகுத்த சாதி வரலாற்றில் ஒரு கதை இருக்கிறது. பெரும் வறட்சி. மக்கள் பூமாதேவியிடம் முறையிட, அவள் தன் உடலிலிருந்து ஏரோடு ஒரு ஆளை உண்டாக்கிக் கொடுக்கிறாள், அவன் வம்சம்தான் வேளாளர் என்று. வறட்சி, மழை, நிலத்தைப் பண்படுத்த ஆள். அண்ணன் சொன்ன ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் அப்படியே.

சரி. ஆனால் எங்கள் ஊரில் ஏரோடு பிறந்தது அவர்கள் தாத்தா, ஏர் பிடித்தது எங்கள் தாத்தா. பண்ணையாள் என்று பெயர், வருடக் கூலி தானியம். கதையில் எங்கள் தாத்தா எங்கே?

நெறியாளர்

இழை இதுவரை நன்றாகப் போகிறது. சாதிச் சண்டையாக மாற்ற நினைத்து வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நொய்யல்கரையின் கேள்வி தலைப்புக்குள் வருவது, அது இருக்கும்.

கொறங்காட்டான்

எங்கள் வீட்டுப் பாட்டி அந்தப் பூமாதேவி கதையைச் சொல்லித்தான் என்னை வளர்த்தாள். பண்ணையம் பார்த்தவர்கள் பேர் அதில் கிடையாது. நிலம் யாரிடம் இருந்ததோ அவர்கள் சொன்ன கதை, வேறு எப்படி இருக்கும்.

தாராபுரம் வாத்தியார்

நொய்யல்கரைக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அதே கதைகளைக் கீழிருந்து படித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். பழைய பாபிலோனிலும் எகிப்திலும் கடவுளின் சாயல் என்று அரசனைத்தான் சொல்வார்கள். ஆதியாகமம் முதல் அதிகாரம் அந்தப் பட்டத்தைத் தூக்கி ஆண், பெண் என்று எல்லா மனிதருக்கும் கொடுத்துவிட்டது. எழுதியவருக்கு அது எவ்வளவு பெரிய வெடி என்று தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1381இல் இங்கிலாந்தில் விவசாயிகள் கிளர்ச்சி. ஜான் பால் என்ற சாமியார், இலண்டனுக்கு வெளியே கூடிய கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்தார். எடுத்த வரி இது: ஆதாம் மண் வெட்ட, ஏவாள் நூல் நூற்க, அப்போது பண்ணையார் யார்? மண் வெட்டுகிறவனும் நூற்கிறவளும் மட்டும் இருந்த தொடக்கம். நொய்யல் கரையில் அதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

நொய்யல்கரை

என் அம்மா ஸ்பின்னிங் மில்லில் இருபது வருடம் ஷிப்ட் பார்த்தவர். வரியை அவரிடம் சொல்கிறேன். அந்தச் சாமியாரை என்ன செய்தார்கள் ஐயா?

தாராபுரம் வாத்தியார்

அடுத்த மாதமே பிடித்து, அரசன் இரண்டாம் ரிச்சர்ட் முன்னிலையில் தூக்கில் போட்டார்கள். ஜூலை 15. உடலை நான்காக வெட்டி நான்கு ஊருக்கு அனுப்பினார்கள். வரி மட்டும் இன்னும் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.